சிடைப்ஸ் வழியே சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்ட்: இரண்டாவது அழைப்பில் செக்மென்டேஷன் ஃபால்ட்

பைத்தானிலிருந்து சி லைப்ரரிகளை அழைக்க உதவும் சிடைப்ஸில், ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் ரெஸ்டைப் (திரும்பி வரும் மதிப்பின் டைப்), ஆர்க்டைப்ஸ் (கொடுக்கும் ஆர்குமென்ட்களின் டைப்கள்) இரண்டையும் எழுதிவிடுங்கள். ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷன் ஓடிவிட்டு, அடுத்த மெத்தடில் பைத்தான் செக்மென்டேஷன் ஃபால்ட்டோடு (தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொட்டால் வரும் பிழை) விழுகிறதென்றால், பெரும்பாலும் இவற்றை எழுதாததுதான் காரணம்.

எதுவும் சொல்லாவிட்டால், திரும்பி வருவதை சி மொழியின் இன்ட் (32 பிட் முழு எண்) என்றே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியின் மேல்பாதி வெட்டுப்பட்டுவிடும்.

சி ப்ளஸ் ப்ளஸ் பக்கம் முகவரியை அச்சிட்டு, பைத்தானுக்கு வந்த எண்ணோடு ஹெக்ஸில் ஒப்பிடுங்கள். மைனஸில் வந்திருந்தாலே சந்தேகம் தீர்ந்தது.

டைப்பாக வாய்டு பாயின்டரே (எந்த டைப் என்று சொல்லாத வெறும் முகவரி) போதும். ஆனாலும் ஒவ்வொரு கிளாஸுக்கும் ஃபீல்டே இல்லாத ஒரு ஸ்ட்ரக்சர் வைத்து, அதன் பாயின்டரை டைப்பாகக் கொடுங்கள். ஆப்ஜெக்ட் மாறிப்போனால் ஆர்குமென்ட் எர்ரர் உடனே காட்டிக்கொடுக்கும்.

பயன்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் பைத்தானின் கார்பேஜ் கலெக்டர், இந்த சி ப்ளஸ் ப்ளஸ் ஆப்ஜெக்டை அழிக்காது. அழிக்கும் ஃபங்ஷனை நீங்கள்தான் அழைக்க வேண்டும், அதுவும் ஒரே முறை.