பெயரும் போன் நம்பரும்

ஐயா, வணக்கம்.

என் தங்கை மகனைப் போதைப்பொருள் கேஸில் பிடித்து வைத்திருக்கிறார்கள். பையைக் கொடுத்தவன் பெயர், போன் நம்பர் எல்லாம் போலீசிடம் சொல்லிவிட்டேன் என்கிறான். யாரும் அதைத் தேடியதாகத் தெரியவில்லை. ஜெர்மனியில் பிடிபட்டவனுக்குச் சாதகமானதையும் தேட வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாமே? இங்கே மட்டும் ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம்), ஜெலுத்தோங், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

ஜெர்மனி பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். அங்கே இரு பக்கத்தையும் விசாரிக்கும் பொறுப்பை அரசு வழக்கறிஞரின் தலையிலேயே சட்டம் வைத்திருக்கிறது. இங்கிலாந்திலும், துப்பு எந்தப் பக்கம் போனாலும் போலீஸ் பின்னால் போக வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய விதிகள் சொல்கின்றன. அப்படியும் 2017 டிசம்பரில் லண்டனில் ஒரு பாலியல் வன்முறை வழக்கு பாதியில் கவிழ்ந்தது. புகார் கொடுத்தவரின் போனில் இருந்த குறுஞ்செய்திகள் வழக்கையே திருப்பிப் போட்டன. அவை அதுவரை போலீஸ் கையில்தான் இருந்தன.

நம் மலேசியாவின் கதை வேறு. 2007 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஏ பிரிவு, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான உண்மைகளை நீதிமன்ற விசாரணை தொடங்கும் முன்பே எழுதிக் கொடு என்று அரசுத் தரப்புக்குச் சொல்கிறது. இருப்பதைக் கொடு என்கிறதே தவிர, போய்த் தேடு என்று சொல்லவில்லை. தேடாதவரிடம் கொடுக்க என்ன இருக்கும்? போதாக்குறைக்கு, 1952-ஆம் ஆண்டு அபாயகர மருந்துச் சட்டத்தின் 37-வது பிரிவு வேறு. பை உங்கள் வசம் இருந்தால், உள்ளே இருப்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே அனுமானம். இல்லை என்று காட்டும் பாரம் பையன் மேல். போலீஸ் ஏன் மெனக்கெட வேண்டும்?

ஒரு பிடி இருக்கிறது. 1996-இல் வெளிவந்த கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை வைத்து, பிடிபட்டவர் தன் தரப்பு விவரத்தை முன்கூட்டியே தெரிவிப்பதை வக்கீல்கள் இன்றும் 'அல்கொந்தாரா நோட்டீஸ்' என்பார்கள். பிடிபட்டவர் ஆரம்பத்திலேயே விவரம் சொல்லியிருந்தால், அதைச் சரிபார்ப்பது அரசுத் தரப்பின் கடமை. கோலாலம்பூரில் கோர்ட் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது நேரில் பார்த்தது: "அந்த நம்பருக்கு அழைத்தீர்களா?" என்று வக்கீல் கேட்டார். ஐஓ (போலீஸ் விசாரணை அதிகாரி) கோப்பைப் புரட்டினார், மறுபடி புரட்டினார். "திடாக், யாங் ஆரிஃப்" (இல்லை, கனம் நீதிபதி அவர்களே) என்றார். அதற்குப் பிறகு வக்கீல் அதிகம் பேசவில்லை.

ஆனால் "அலி என்று ஒருத்தன் கொடுத்தான்" என்பது மட்டும் போதாது. அப்படிப்பட்ட அலிகளை நீதிபதிகள் நிறையப் பார்த்துவிட்டார்கள். முழு விவரம் வேண்டும்; அதுவும் எழுத்தில் வேண்டும். மருமகன் 'சொன்னேன்' என்கிறாரே, அது 112 வாக்குமூலத்தில் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-வது பிரிவின்படி போலீஸ் எழுதிக்கொள்வது) ஏறியதா? வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள். வாயே திறக்காதே என்பதும் சில வழக்குகளில் நல்ல ஆலோசனைதான், அதனால் எதைச் சொல்வது என்பதை அவரே முடிவு செய்யட்டும். ஏறவில்லையென்றால், பெயரையும் நம்பரையும் போட்டு ஐஓவுக்கு ஒரு கடிதம், நகல் அரசு வழக்கறிஞருக்கு. இந்த வாரமே அனுப்பச் சொல்லுங்கள். பையை வாங்கிய இடத்தில் கேமரா இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.