வன்னியில் சுற்றுலா: யாருக்கு, எப்படி? – கேள்வி பதில்

கேள்வி (முல்லைத்தீவிலிருந்து ஒரு வங்கி ஊழியர்): இலங்கையின் சுற்றுலாத்துறை மீண்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். வடக்கில் வன்னிப் பகுதியிலுள்ள எங்கள் மாவட்டத்தில் அதன் தடயமே இல்லையே, ஏன் ஐயா?

பதில்: 2018இல் 23 இலட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர் வந்த இந்நாட்டுக்கு, 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்கும் பெருந்தொற்றுக்கும் பிறகு, 2021இல் வந்தவர்கள் இரண்டு இலட்சம் பேர்கூட இல்லை. அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடியும் சனாதிபதியின் பதவி விலகலும் வந்தன. அப்படியிருந்தும் 2024இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தென் கரையோரத்துக்கும் மலையகத்துக்கும் சிகிரியாவுக்கும் போகிறவர்கள். யாழ்ப்பாணம் வரை வருகிறவர்களும் ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வன்னியைக் கடந்துவிடுகிறார்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கனடாவிலுள்ள தமையனார் பணம் தருவதாகச் சொல்கிறார். 20 அறைகளுடன் விடுதி கட்டலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் காணிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வன்னியில் பலரிடம் இருப்பது சொந்த உரிமையைக் காட்டும் காணி உறுதி அல்ல, அரசு வழங்கிய அனுமதிப் பத்திரமே. குடியிருக்கவோ பயிர் செய்யவோ தரப்பட்ட காணியில் விடுதி எழுப்புவதற்கு முன், பிரதேச செயலகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது தண்ணீர். நமக்குப் பெருமழை ஐப்பசி முதல் தை வரைதான். ஆடி, ஆவணியில் அயலாரின் கிணறு வற்றும்போது உங்கள் விடுதியில் குளியல் தொட்டி நிரம்பினால், ஊர் உங்களோடு நிற்காது.

நீங்கள் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு அறைகளை ஒதுக்கி, சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் வீட்டுத் தங்குமிடமாகப் பதிவு செய்து தொடங்குவதே நல்லது. வெளிநாட்டவரை மட்டும் நம்பிய விடுதிகள் 2019இல் ஒரே வாரத்தில் வெறிச்சோடின. நமக்கோ வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல் இருக்கிறது, ஆவணியில் மடு மாதா திருவிழா இருக்கிறது, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்கு வரும் புலம்பெயர் உறவுகள் இருக்கிறார்கள். அரசியல் குழப்பம் என்று வெளிநாட்டுத் தூதரகங்கள் எச்சரித்தாலும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் வந்தே தீருவார்கள். அவர்களுக்குத் துப்புரவான கழிப்பறையும் குளத்து மீன் குழம்பும் சோறும் கிடைத்தால் அதுவே நிலையான வருமானம். வெள்ளைக்காரர் வருவது அதற்கு மேல் கிடைக்கும் இலாபம்.

கேள்வி (வவுனியா, பல்கலைக்கழக மாணவி): போர் நடந்த இடங்களைச் சுற்றுலாத் தலங்களாக்குவது சரியா?

பதில்: 2009இல் போர் முடிந்த பிறகு இங்கு முதலில் வந்தது அந்தச் சுற்றுலாதான். சொந்த மக்கள் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமில் இருந்த காலத்திலேயே, தெற்கிலிருந்து வந்தவர்கள் கிளிநொச்சியில் சரிந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன் படமெடுத்துக்கொண்டார்கள். நந்திக்கடல் ஓரத்தில் இராணுவமே தங்குவிடுதி நடத்தியது. பார்வையாளர் பெருகியும் ஊராருக்குக் கிடைத்தது சொற்பம். ஆகவே எண்ணிக்கையை வைத்து மீட்சியை அளப்பதை நான் ஏற்பதில்லை. முள்ளிவாய்க்கால் மண்ணில் எதைக் காட்டுவது, எதை மூடிவைப்பது, யார் விளக்கம் சொல்வது என்பதை அங்கு உறவுகளை இழந்த குடும்பங்களே முடிவு செய்ய வேண்டும். நுழைவுச்சீட்டு விற்கும் எண்ணத்தோடு யாரும் அந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது.

கேள்வி (சுண்டிக்குளம், கடற்றொழிலாளர்): பூநாரை பார்க்க வருகிறவர்களை என் படகில் ஏற்றலாமா?

பதில்: சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா என்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தேவை. தனியே போகாமல் சங்கமாகக் கேளுங்கள். தொழில் செய்யும் உரிமையையும் அதே மனுவில் சேர்த்து எழுதுங்கள், ஏனெனில் பூங்கா எல்லை வந்த பிறகு வலை வீசும் இடம் சுருங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானது. இயந்திரத்தை முடுக்கிப் பறவைகளைக் கிளப்பிக் காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி (கிளிநொச்சி): விருந்தினரைக் காட்டுப் பக்கம் நடக்கக் கூட்டிப்போகலாமா?

பதில்: மிதிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடியவில்லை. ஊரார் அன்றாடம் நடக்கும் பாதையை விட்டு விலக வேண்டாம். சிவப்பு எச்சரிக்கைப் பலகையை எங்கே கண்டாலும் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.