விண்டோ ஏன் உறைகிறது? டெஸ்க்டாப் நிரல் கேள்வி பதில்

விபி 6 (விஷுவல் பேசிக்) காலத்தில் பில்லிங் மென்பொருள் எழுதத் தொடங்கியவன் நான். அப்புறம் சில வருடம் ஜாவா ஸ்விங், இப்போது பைத்தானும் க்யூட்டும். (ஸ்விங், க்யூட் இரண்டும் விண்டோ, பட்டன் வரைந்து தரும் கருவித்தொகுப்புகள். பைத்தானோடு வரும் டிகிண்டரும் அப்படித்தான்.) இவற்றில் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். கறுப்புத் திரையில் வந்த பிழைச் செய்தியின் கடைசி வரியையாவது ஒட்டுங்கள்.

கேள்வி (திருச்சி, இறுதியாண்டு மாணவி): அண்ணா, டிகிண்டரில் ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். அழுத்தினால் நெட்டிலிருந்து ஒரு பெரிய ஃபைலை இறக்க வேண்டும். அழுத்தியதும் விண்டோ வெளுத்துப்போய், தலைப்பில் "நாட் ரெஸ்பாண்டிங்" என்று வருகிறது. ஆனால் ஃபைல் சரியாக இறங்கிவிடுகிறது. என்ன தப்பு?

பதில்: கூட்டமான டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளம்மா. கண்டக்டர் ஒருவர்தான். டிக்கெட் கிழிப்பதும் அவர், விசில் ஊதுவதும் அவர், "உள்ளே போங்க" என்று கத்துவதும் அவர். ஒரு பயணி 500 ரூபாயை நீட்ட, கண்டக்டர் சில்லறை தேடி அங்கேயே நின்றுவிட்டால், இறங்க வேண்டியவர் இறங்க முடியாது, ஏற வேண்டியவர் ஏற முடியாது. பஸ் கெட்டுப்போகவில்லை. கண்டக்டருக்குக் கை ஓயவில்லை, அவ்வளவுதான்.

மெயின்லூப் என்பது அந்தக் கண்டக்டர். மவுஸ் அசைந்தது, கீ அழுந்தியது, விண்டோவைத் திரும்ப வரை என்று இயங்குதளம் அனுப்பும் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கவனிப்பது அதன் வேலை. உன் பட்டனுக்கான ஃபங்ஷனையும் அதுதான் கூப்பிடுகிறது. அந்த ஃபங்ஷன் முடிந்து திரும்பும் வரை வேறு எந்தச் செய்தியையும் அது எடுக்காது. விண்டோஸ் 5 வினாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் "நாட் ரெஸ்பாண்டிங்" பலகையை மாட்டுகிறது.

சில்லறை மாற்ற வேறு ஆளை அனுப்ப வேண்டும். அதுதான் த்ரெட், உன் நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு வேலைத் தடம். இறக்கும் வேலையை ஒரு த்ரெட்டில் போடு. அது "40 சதவீதம் ஆச்சு", "முடிந்தது" போன்ற தகவல்களை ஒரு க்யூவில் (முதலில் போட்டது முதலில் வரும் வரிசை) போடட்டும். மெயின் பக்கத்தில், ஆஃப்டர் என்ற ஃபங்ஷனைக் கொண்டு 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை அந்தக் க்யூவை எட்டிப் பார்த்து லேபிளை மாற்று. த்ரெட்டை உருவாக்கும்போது டேமன் என்பதை ட்ரூ என்று வை. இல்லாவிட்டால் விண்டோவை மூடிய பிறகும் நிரல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்.

இனி நூறு தடவை சொல்லப் போகிற எச்சரிக்கை: சில்லறை மாற்றப் போனவர் டிக்கெட் கிழிக்கக் கூடாது. த்ரெட்டுக்குள்ளிருந்து லேபிளையோ பட்டனையோ தொடாதே. டிகிண்டரில் தொட்டால் சில நாள் ஓடும், சில நாள் "மெயின் த்ரெட் இஸ் நாட் இன் மெயின் லூப்" என்று பிழை வரும். உன் லேப்டாப்பில் ஓடும், ப்ராஜெக்ட் டெமோ அன்றைக்கு மாட்டும்.

கேள்வி (ஈரோடு): சார், ஒரு ஃபங்ஷனுக்குள் ஃபோட்டோஇமேஜ் மூலம் படத்தை ஏற்றி லேபிளில் வைக்கிறேன். பிழை எதுவும் இல்லை. படமும் இல்லை!

பதில்: டிகிண்டர் படிக்கும் எல்லோரும் ஒருமுறை விழும் குழி. படம் ஃபங்ஷனுக்குள் உள்ள உள்ளூர் மாறியில் இருக்கிறது. ஃபங்ஷன் முடிந்ததும் அதைப் பிடித்திருக்க யாருமில்லை, பைத்தான் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. லேபிளுக்குப் படத்தின் பெயர் மட்டும்தான் தெரியும், படம் அதன் கையில் இல்லை. லேபிளிலேயே ஒரு பண்பாகப் படத்தை ஒட்டிவையுங்கள், லேபிள் இருக்கும் வரை படமும் இருக்கும். பைக்யூட்டில் (பைத்தானுக்கான க்யூட்) புது விண்டோ மின்னல் மாதிரி வந்து மறைவதும் இதே வியாதிதான்.

கேள்வி (சேலம்): "நன் டைப் ஹேஸ் நோ ஆட்ரிபியூட் கெட்" என்று வருகிறது. என்ட்ரி பெட்டியை உருவாக்கி அதே வரியில் கிரிட் போட்டிருக்கிறேன்.

பதில்: பிழையை ஒட்டியதற்கு நன்றி. கிரிட் (பெட்டியை விண்டோவில் இடம் பார்த்து வைக்கும் கட்டளை) எதையும் திருப்பித் தராது, உங்கள் மாறியில் நன் என்ற அந்த வெறுமைதான் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வரியாகப் பிரியுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம்): கவுன்ட்டவுன் கடிகாரம் செய்கிறேன். வொய்ல் லூப்பில் ஒரு வினாடி ஸ்லீப். விண்டோ உறைகிறது.

பதில்: முதல் கேள்வியைப் படியுங்கள். உங்களுக்கு த்ரெட்கூட வேண்டாம். லூப்பையும் ஸ்லீப்பையும் தூக்கிவிட்டு, ஒரு வினாடியைக் குறைத்துக் காட்டும் சின்ன ஃபங்ஷன் எழுதி, அதன் கடைசி வரியில் "1000 மில்லிவினாடி கழித்து என்னையே கூப்பிடு" என்று ஆஃப்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (பெங்களூரு): ஜாவா ஸ்விங்கில் எல்லாவற்றையும் இன்வோக்லேட்டருக்குள் (விண்டோவுக்கான த்ரெட்டிடம் வேலையைக் கொடுக்கும் ஃபங்ஷன்) போடச் சொல்கிறார்கள். கம்ப்யூட்டரில் எட்டு கோர் இருக்கிறது. விண்டோவை மட்டும் ஏன் ஒரே த்ரெட்டில் கட்டிப்போட வேண்டும்? ஒரு லாக் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) வைத்தால் தீராதா?

பதில்: நல்ல கேள்வி, கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

முயலாமல் இல்லை. ஜாவாவின் முதல் கருவித்தொகுப்பான ஏடபிள்யூடியை எந்த த்ரெட்டிலிருந்தும் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்தோடுதான் ஆரம்பித்தார்கள். ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தில் இருந்த கிரகாம் ஹாமில்டன் 2004இல் இதைப் பற்றி எழுதினார். அவர் காட்டிய சிக்கல் எளிமையானது. மவுஸ் கிளிக் கீழிருந்து மேலே வருகிறது: இயங்குதளம், கருவித்தொகுப்பு, கடைசியில் உங்கள் நிரல். நீங்கள் "இந்தப் பட்டனின் நிறத்தை மாற்று" என்றால் அது மேலிருந்து கீழே போகிறது: உங்கள் நிரல், கருவித்தொகுப்பு, இயங்குதளம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு லாக் வைத்தால், மேலே வருபவர் கீழ் லாக்கைப் பிடித்துக்கொண்டு மேல் லாக்குக்குக் காத்திருப்பார். கீழே போகிறவர் மேல் லாக்கைப் பிடித்துக்கொண்டு கீழ் லாக்குக்குக் காத்திருப்பார். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு முனையிலிருந்தும் ரயில் விட்ட கதை. கவனமாக எழுதினால் தவிர்க்கலாம் என்பார்கள். கருவித்தொகுப்பை எழுதியவர்கள் கவனமாக இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் ஆயிரம் பேரும் அப்படி இருக்க வேண்டுமே.

அதனால்தான் ஸ்விங், க்யூட், மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்தன. விண்டோவை விண்டோவுக்கான த்ரெட் மட்டும் தொடும், கணக்கு வேலைக்கு உங்கள் எட்டு கோரையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜாவா 6இல் வந்த ஸ்விங்வொர்க்கர் இதற்காகவே இருக்கிறது.

கேள்வி (மதுரை): ரியாக்ட்டில் பட்டன் அழுத்தினால் பக்கம் இரண்டு தடவை...

பதில்: வெப் ஆட்களிடம் கேளுங்கள்.

கேள்வி (பழைய விபி ஆள்): நீங்கள் த்ரெட், க்யூ என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறீர்கள். லூப்புக்குள் டூஈவென்ட்ஸ் என்று ஒரே வரி, டிகிண்டரில் அப்டேட் என்று ஒரே வரி. காத்திருக்கும் செய்திகளை நடுவிலேயே எடுத்துக் கவனித்துவிடும். விண்டோ உறையாது. 1999 முதல் இப்படித்தான் எழுதுகிறேன். எந்தக் கடைக்காரரும் குறை சொன்னதில்லை.

பதில்: நானும் அப்படித்தான் எழுதினேன் ஐயா, ஒரு ஹார்டுவேர் கடையின் பில்லிங் என் மூக்கை உடைக்கும் வரை. பில்லைச் சேமிக்க ஆறேழு வினாடி ஆகும், டேட்டாபேஸ் ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரில் இருந்தது. இடையில் விண்டோ வெளுக்காமல் இருக்க டூஈவென்ட்ஸ் போட்டிருந்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பில்லில் சரக்கு இரண்டு தடவை கழிந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். என் மேஜையில் ஒருமுறைகூட வரவில்லை. கடைசியில் கடையிலேயே உட்கார்ந்து பார்த்தால், கல்லாவில் இருந்த பையன் அவசரத்தில் சேமிக்கும் கீயை இரண்டு தடவை தட்டுகிறான். முதல் சேமிப்பு பாதியில் இருக்கும்போது டூஈவென்ட்ஸ் இரண்டாவது தட்டலையும் எடுத்து, அதே ஃபங்ஷனுக்குள் மறுபடி நுழைகிறது. உள்ளே போனது முழுதாக முடிந்த பிறகு வெளியே இருந்தது தன் மீதியை முடிக்கிறது. தவறு முழுக்க என்னுடையது.

பழைய விபி ஆள்: சேமிக்கத் தொடங்கும்போதே பட்டனை முடக்கியிருந்தால்?

பதில்: பட்டன் முடங்கும். கீபோர்டு குறுக்குவழி? மெனு? மூடும் பெருக்கல் குறி? டைமர்? எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முடக்கி, ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் அதே கதை. விண்டோவை மூடிவிட்டால் இல்லாத விண்டோவில் லேபிளை மாற்றப் போய் விழுவீர்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். டூஈவென்ட்ஸ் மாதிரி க்யூட்டில் உள்ள ப்ராசஸ்ஈவென்ட்ஸில் "பயனர் உள்ளீட்டைத் தவிர்" என்று ஒரு கொடி (விருப்பத் தேர்வு) இருக்கிறது. அதைப் போட்டால் இரட்டைக் கிளிக் வராதே?

பதில்: அந்தக் கொடி கிளிக்கைத் தூக்கி எறியாது, தள்ளித்தான் வைக்கும். சேமிப்பு முடிந்து மெயின் லூப்புக்குத் திரும்பியதும் அந்த இரண்டாவது கிளிக் சாவகாசமாக வந்து இன்னொரு பில்லைப் போடும். டைமரும் நெட்வொர்க் சிக்னலும் அந்தக் கொடியைக் கண்டுகொள்வதே இல்லை.

சிங்கப்பூர்: அப்படியானால் உறைந்த விண்டோவிலும் கிளிக்குகள் வரிசையில் நிற்கும்தானே? த்ரெட்டே போடாமல் உறையவிட்டாலும் இரட்டை பில் வருமே?

பதில்: வரும். சரியாகப் பிடித்தீர்கள், இதை நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உறைந்த நேரத்தில் அழுத்தியதெல்லாம் சேர்ந்து நின்று, உறைவு தெளிந்ததும் வரிசையாகக் கொட்டும். ஃபங்ஷனின் முதல் வரியில் பட்டனை முடக்கிக் கடைசி வரியில் திறந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நின்றிருந்த கிளிக் வந்து சேரும்போது பட்டன் திறந்தே இருக்கும். முடக்கிவிட்டு, வேலையை த்ரெட்டுக்கு அனுப்பிவிட்டு, ஃபங்ஷனிலிருந்து திரும்பிவிடுங்கள். வேலை முடிந்த தகவல் மெயின் பக்கம் வந்த பிறகு திறங்கள். அதுவரை அழுத்திய கிளிக்குகள் முடங்கிய பட்டனில் விழுந்து வீணாகும்.

பழைய விபி ஆளுக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். டிகிண்டரில் அப்டேட்ஐடில்டாஸ்க்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அது நிலுவையில் உள்ள வரைதலை மட்டும் முடிக்கும், கிளிக்கைத் தொடாது. "சேமிக்கிறது..." என்று லேபிளில் காட்ட மட்டும் வேண்டுமானால் அதைத் தாராளமாகப் போடலாம்.

கேள்வி (நெல்லை): எக்செல் ஃபைல் படிக்கும்போது விண்டோ உறைகிறது.

பதில்: கண்டக்டர்.

கேள்வி (யாழ்ப்பாணம்): உபுண்டுவில் டிகிண்டர் லேபிளில் தமிழ் எழுதினால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது. நாலைந்து ஃபாண்ட் மாற்றிப் பார்த்துவிட்டேன். தேடும் பெட்டியிலும் சில பெயர்கள் அகப்படுவதில்லை.

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

ஃபாண்ட் மேல் பழியில்லை. யூனிகோடில் "கெ" என்பது முதலில் க, அப்புறம் கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை இடப்பக்கம் நகர்த்துவது, "கொ"வில் இரண்டாகப் பிரித்து இருபுறமும் வைப்பது எல்லாம் எழுத்துக்கோர்ப்பு இயந்திரத்தின் வேலை. லினக்ஸில் டிகிண்டருக்கு அடியில் இருக்கும் டிகே 8.6 அந்த வேலையைச் செய்யாது, வந்த வரிசையில் அப்படியே வரைந்துவிடும். க்யூட்டும், பாங்கோ என்ற தொகுப்பு வழியாக ஜிடிகே கருவித்தொகுப்பும் ஹார்ஃப்பஸ் என்ற இயந்திரத்தைக் கொண்டு சரியாகக் கோர்க்கின்றன. தமிழ் முக்கியம் என்றால் பைக்யூட்டுக்கோ, அதே மாதிரியான பைசைடுக்கோ மாறுங்கள். டிகிண்டரிலேயே ஒட்டுப்போட்டு மல்லுக்கட்டாதீர்கள்.

தேடல் பிரச்சினை வேறு. "கொ"வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. ஒருவர் ஒரு கீபோர்டில் அடித்த பெயர், இன்னொருவர் தேடும்போது கிடைக்காது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பில் என்எஃப்சி என்ற முறையில் இரண்டு பக்கத்தையும் ஒழுங்குபடுத்திவிட்டு ஒப்பிடுங்கள்.

கூடவே ஒன்று. "பெயர் 15 எழுத்துக்குள்" என்று பெட்டிக்கு எல்லை வைப்பவர்கள் கவனிக்க: "தமிழ்" என்பதற்கு நீளம் கேட்டால் பைத்தான் 5 என்று சொல்லும். "ஸ்ரீ" ஒற்றை எழுத்து மாதிரி தெரியும், நீளம் 4. எல்லையைக் கறாராக வைத்தால் முதலில் வெட்டுப்படுவது பாவம் புள்ளிதான்.

பழைய டேட்டாபேஸிலிருந்து தமிழ் எடுத்தால், ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலம் வருகிறதா? அது பாமினி என்ற பழைய ஃபாண்டில் (ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வரைவது) அடித்த "தமிழ்". அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி ஃபாண்டை நிறுவி ஒப்பேற்றினால் தேடலும் அகரவரிசையும் ஒருபோதும் சரிவராது.

கேள்வி (ஓசூர்): பைஇன்ஸ்டாலரில் (பைத்தான் நிரலை எக்ஸி ஃபைலாக்கும் கருவி) எக்ஸி செய்தேன். இருமுறை கிளிக் செய்தால் ஒரு கணம் வந்து போய்விடுகிறது. வேலை செய்யவில்லை.

பதில்: முதல் பத்தியிலேயே என்ன கேட்டுக்கொண்டேன்? கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து அங்கிருந்து ஓட்டுங்கள், பிழை அங்கே நிற்கும். என் ஊகம், படம் அல்லது ஐகான் ஃபைல் கிடைக்கவில்லை என்றிருக்கும். ஒற்றை ஃபைலாகக் கட்டிய எக்ஸி ஒவ்வொரு தடவையும் ஒரு தற்காலிக ஃபோல்டரில் பிரிந்துதான் ஓடுகிறது, உங்கள் படத்தை அங்கே தேட வேண்டும்.

கேள்வி (தாம்பரம்): புது லேப்டாப்பில் என் டிகிண்டர் விண்டோ மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

பதில்: திரை அளவை 125 சதவீதத்தில் வைத்திருப்பீர்கள். உங்கள் நிரல் "எனக்கு டிபிஐ தெரியும்" என்று அறிவிக்காததால், விண்டோஸ் அதை அங்குலத்துக்கு 96 புள்ளி (அதுதான் டிபிஐ) என்ற பழைய கணக்கில் வரையவிட்டு, அப்புறம் ஃபோட்டோவைப் பெரிதாக்குவது மாதிரி இழுக்கிறது. பைத்தானின் சிடைப்ஸ் தொகுப்பு வழியாக, விண்டோஸின் எஸ்எச்கோரில் உள்ள செட்ப்ராசஸ்டிபிஐஅவேர்னஸைக் கூப்பிட்டு 1 என்று கொடுங்கள், விண்டோவை உருவாக்கும் முன்பே. எழுத்து பளிச்சென்று ஆகும். ஆனால் பிளேஸ் போட்டு பிக்சல் கணக்கில் வைத்ததெல்லாம் சுருங்கும். அப்போது கிரிட்டின் அருமை புரியும்.

கேள்வி (கோவை): சி ஷார்ப்பில் ஃபார்ம் மேல் கோடு வரைகிறேன். மினிமைஸ் செய்து திறந்தால் கோடு காணோம்.

பதில்: க்ரியேட்கிராஃபிக்ஸில் வரைந்தது தண்ணீரில் போட்ட கோலம். கோடுகளின் புள்ளிகளை ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டு, பெயின்ட் ஈவென்ட் வரும்போதெல்லாம் முழுதாக வரையுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): கால்குலேட்டருக்கு 0 முதல் 9 வரை பட்டன்களை ஃபார் லூப்பில் லாம்டாவோடு செய்தேன். எதை அழுத்தினாலும் 9 வருகிறது.

பதில்: லாம்டா (பெயரில்லாத குட்டி ஃபங்ஷன்), மாறியின் அன்றைய மதிப்பை எடுத்துவைக்காது. அழுத்தும்போதுதான் போய்ப் பார்க்கும், அப்போது லூப் முடிந்து 9இல் நிற்கிறது. மாறியை லாம்டாவுக்கு முன்னிருப்பு மதிப்பாகக் கொடுங்கள், ஒவ்வொரு பட்டனும் தன் எண்ணைத் தானே வைத்துக்கொள்ளும்.

கேள்வி (நெல்லை, மறுபடி): கண்டக்டர் என்றால் என்ன சார்?

பதில்: முதல் பதில். தயவுசெய்து.

பழைய விபி ஆள்: சரி, நீங்கள் சொன்ன மாதிரியே பட்டனை முடக்கி த்ரெட்டுக்கு அனுப்பிப் பார்த்தேன். உறையவில்லை, இரட்டையும் வரவில்லை. ஆனால் சோதிக்கும்போது நெட்வொர்க் வயரைப் பிடுங்கினேன். சேமிப்பு பாதியில் செத்தது. பட்டன் முடங்கியே கிடக்கிறது, நிரலை மூடித் திறக்க வேண்டியிருக்கிறது. டூஈவென்ட்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

பதில்: வயரைப் பிடுங்கிப் பார்த்தீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. த்ரெட்டுக்குள் முழு வேலையையும் ட்ரைக்குள் (பிழை வந்தால் எக்செப்ட் பகுதிக்குத் தாவும் அமைப்பு) வையுங்கள். பிழை வந்தால் அந்தப் பிழையையே க்யூவில் போடுங்கள். மெயின் பக்கம் அதை எடுத்து, செய்தியைக் காட்டிப் பட்டனைத் திறக்கட்டும். அவசரத்தில் எக்செப்ட் பகுதியிலிருந்தே பட்டனைத் திறந்துவிடாதீர்கள். அதுவும் த்ரெட்டுக்குள்தான் இருக்கிறது.