மென்திறனுக்குத் தனி வகுப்பு எதற்கு?

அன்புள்ள ஐயா,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக ஆங்கிலம் எடுக்கிறேன். பகுதி இரண்டு ஆங்கிலத்துக்கு (எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான ஆங்கிலப் பாடம்) ஒரே வகுப்பில் 60 பிள்ளைகள். பாடத்தை முடிக்கவே நேரம் போதவில்லை. பிறரோடு பேசவும் பழகவும் சேர்ந்து வேலை செய்யவும் தேவையான மென்திறனையும் (சாஃப்ட் ஸ்கில்ஸ்) நாங்களே சேர்த்து நடத்த வேண்டுமாம். அதற்குத்தான் தனித் தாள் இருக்கிறதே, இது எங்கள் வேலையா?

ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் வேலைதான். அந்தத் தனித் தாளில் என்ன நடக்கிறது? 'குழுப்பணியின் நன்மைகளை விளக்குக' என்று கேட்டால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். நேர்காணலில் வாய் திறக்க அது உதவுவதில்லை.

உங்கள் மாணவர்களுக்குப் பழகத் தெரியாது என்று நான் நம்பவில்லை. பாட்டியை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், சீட்டு வாங்கி, டாக்டரிடம் விவரம் சொல்லி, மருந்தோடு திரும்புகிற பெண் உங்கள் வகுப்பில் இருப்பாள். பெரியவர்களிடம் மாற்றுக் கருத்து சொல்லும்போது, "நீங்க சொல்றது சரிதான், ஆனா..." என்றுதான் தொடங்குவாள். ஆங்கிலத்தில் அதே பெண்ணுக்கு 'நோ' மட்டும்தான் வருகிறது. 'ஐ ஸீ யுவர் பாயின்ட், பட்...' என்பதை வேறு யார் அவளுக்குச் சொல்லித்தருவார்கள்?

2022-ல் தொடங்கிய, தமிழக அரசின் நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டம் இந்தப் பயிற்சிகளைக் கலைக் கல்லூரிகளுக்கும் கொண்டுவந்தது நல்ல விஷயம். ஆனால் வாரம் முழுக்க அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பவர் நீங்கள்.

பாடநூலில் இருக்கும் உரைநடையையே எடுங்கள். நான்கு பேராக உட்காரவைத்து ஒரே ஒரு விதி போடுங்கள்: தன் கருத்தைச் சொல்லும் முன், முந்தையவர் சொன்னதை ஒரு வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, 'ஈஸ் தட் ரைட்?' என்று கேட்க வேண்டும். கவனித்துக் கேட்காமல் இதைச் செய்யவே முடியாது. பலகையில் எழுதிப்போட்டும் மண்டையில் ஏறாத ரிப்போர்ட்டட் ஸ்பீச்சும் (பிறர் சொன்னதை நம் வாக்கியத்தில் சொல்லும் இலக்கணம்) இதில் தானாகப் பழகிவிடும். சத்தம் வரும், வரட்டும். 15 குழுக்களையும் ஒரே நாளில் கவனிக்க வேண்டாம், நாளுக்கு மூன்று போதும். அதிகம் பேசுகிறவனுக்கு மதிப்பெண்ணை அள்ளிக் கொடுத்துவிடாதீர்கள். பேசாமல் இருக்கும் பெண்ணிடம் திரும்பி 'வாட் டு யூ திங்க்?' என்று கேட்கிறானே, அவனைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பருவத் தேர்வு எழுத்துத் தேர்வாகவே இருக்கும்வரை பேச்சுக்கு மதிப்பில்லை என்பீர்கள். நியாயம்தான், பல்கலைக்கழகங்கள் அதை மாற்றியே ஆக வேண்டும். அதுவரை, கல்லூரியிலேயே போடும் உள்மதிப்பீட்டில் அசைன்மென்ட் மதிப்பெண் இருக்கிறது. ஒருவர் எழுதியதை முப்பது பேர் பார்த்து எழுதும் அந்த அசைன்மென்டுக்குப் பதிலாக இந்தக் குழுப் பேச்சுக்குக் கொடுங்கள். துறைத்தலைவரிடம் இந்தப் பருவமே கேட்டுப்பாருங்கள்.