சவுண்ட் வால் ஓட்டெடுப்பில் எங்கள் வீட்டை விட்டுவிட்டார்கள், என்ன செய்யலாம்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஃப்ரீவேயிலிருந்து இரண்டாவது வரிசையில் எங்கள் வீடு. இப்போது அங்கே எக்ஸ்பிரஸ் லேன் ஒன்று கூடுதலாகப் போடுகிறார்கள். எங்கள் பக்கம் சவுண்ட் வால் (சத்தத்தைத் தடுக்கும் சுவர்) வரும் என்று பொதுக்கூட்டத்தில் படம் போட்டுக் காட்டினார்கள். போன வாரம் வந்த கடிதத்தில், பதில் அனுப்பியவர்களில் பெரும்பாலோர் வேண்டாம் என்றதால் சுவர் கைவிடப்பட்டது என்றிருக்கிறது. மலை மறைந்துவிடும் என்று முன்வரிசையில் சிலர் எதிர்த்தது தெரியும். ஆனால் எங்களுக்கு ஓட்டுச் சீட்டே வரவில்லை. பக்கத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்துக்கும் வரவில்லை. அப்பா ராத்திரியில் தூங்குவதே இல்லை. கேஸ் போடலாமா? இல்லை, நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டால் கட்டித் தருவார்களா?

பதில்: பணம் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது நடக்காது. கூட்டாட்சி ஒழுங்குமுறைத் தொகுப்பின் 23-ஆம் தலைப்பு, 772-ஆம் பகுதிதான் இந்தச் சுவர்களுக்கான சட்டம். வெளியாள் பணம் கொடுத்தால்தான் சுவர் தேறும் என்ற நிலை இருந்தால், அந்தப் பணத்தை வாங்கவே கூடாது என்கிறது அது. வசதியான பேட்டைக்கு மட்டும் சுவர் எழும்பிவிடக் கூடாதே. ஏற்கெனவே தேறிய சுவருக்கு அழகு வேலைப்பாடு வேண்டுமானால் பணம் போடலாம். மரம் நட்டுத் தரச் சொல்வதிலும் பயனில்லை. மரங்களை ஒலித் தடுப்பாக அந்த விதி ஏற்பதில்லை.

இனி ஓட்டுச் சீட்டு. உங்கள் வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது.

சுவர் கட்ட வேண்டுமானால் அது முதலில் ‘சாத்தியமானது’, அப்புறம் ‘நியாயமானது’ என்று தேற வேண்டும். பாதிக்கப்படும் வீடுகளுக்குக் குறைந்தது 5 டெசிபல் சத்தம் குறைந்தால் சாத்தியம். நியாயத்துக்கு மூன்று சோதனைகள் உண்டு: செலவு வரம்புக்குள் இருக்க வேண்டும், வடிவமைப்பு இலக்கை எட்ட வேண்டும் (கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டிலாவது 7 டெசிபல் குறைய வேண்டும்), பலன்பெறும் வீடுகளின் கருத்தைக் கேட்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் சுவர் கிடையாது. உங்கள் பக்கத்துச் சுவர் முதல் இரண்டையும் தாண்டி மூன்றாவதில் விழுந்திருக்கிறது.

அந்த மூன்றாவது சோதனையில் விதி சொல்வது இதுதான்: பலன்பெறும் வீடுகள் அனைத்தின் கருத்தையும் கேட்டாக வேண்டும், உரிமையாளர்களோடு குடியிருப்பவர்களின் கருத்தையும் சேர்த்து. கேட்கலாம் என்று இல்லை, கேட்டாக வேண்டும். ஆகவே வாடகைக்கு இருப்பவரை மொத்தமாக விட்டுவிட முடியாது. வீட்டுக்காரர் ஓட்டுக்கு எடை கூடுதலாக வைத்துக்கொள்வதுண்டு, அது வேறு. ஃப்ரீவேயைத் தொட்டிருக்கும் வீட்டுக்குத்தான் ஓட்டு என்பதும் கிடையாது. சுவரால் 5 டெசிபல் குறையும் எந்த வீடும் பலன்பெறும் வீடுதான், எத்தனாவது வரிசையில் இருந்தாலும்.

உங்கள் வீடு அதில் வருமா? திட்டத்தின் ஒலி ஆய்வு அறிக்கையை எடுங்கள். முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னிணைப்புக்குப் போங்கள். வான்படத்தின் மேல் புள்ளி புள்ளியாக எண் போட்டிருக்கும். உங்கள் கொல்லைப்புறத்துக்குரிய எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்து வரும் அட்டவணையில் அதே எண்ணைத் தேடுங்கள். 8 அடி, 10 அடி, 12 அடி என்று சுவரின் ஒவ்வொரு உயரத்துக்கும் உங்களுக்கு எத்தனை டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும். ஓட்டுக்கு விட்ட உயரத்தின் கீழே 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் உங்களுக்கு ஓட்டு உண்டு, பறிபோயிருக்கிறது. 4 என்று இருந்தால், வருத்தமாகத்தான் இருக்கிறது, கேஸ் பலவீனம். ஒரே புள்ளி நாலைந்து வீடுகளுக்குச் சேர்த்து வைத்ததாகவும் இருக்கும், அதையும் பாருங்கள்.

கலிஃபோர்னியா போக்குவரத்துத் துறையின் நெறிமுறைப்படி, பதில் அனுப்பியவர்களில் பாதிக்கு மேல் எதிர்த்தால் சுவர் போகும். சும்மா இருந்தவர் கணக்கில் வரமாட்டார். உதாரணத்துக்கு, 40 வீட்டில் 9 பேர் பதில் போட்டு 5 பேர் வேண்டாம் என்றால் முடிந்தது கதை. அதனால்தான் விடுபட்ட வீடுகள் முடிவையே புரட்டக்கூடியவை. விடுபட்டவை எத்தனை, எத்தனை ஓட்டு வித்தியாசத்தில் சுவர் போனது என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாலே, கோர்ட்டுக்குப் போகாமல் மறு ஓட்டெடுப்பு வாங்க வாய்ப்பு இருக்கிறது.

இதற்கு மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். ஓட்டுச் சீட்டு அனுப்பிய முகவரிப் பட்டியல், திரும்பி வந்த தபால்கள், ஓட்டுக் கணக்கு, ஒலித் தடுப்பு முடிவு அறிக்கை என்று பெயர் சொல்லியே கேளுங்கள். 10 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மேலும் 14 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். வரிப் பதிவேட்டிலிருந்து முகவரி எடுத்தால் உரிமையாளர் பெயர்தான் கிடைக்கும், வாடகைதாரர் சுலபமாக விடுபடுவார். உங்கள் பக்கத்து வீட்டில் நடந்ததும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அப்பாவின் தூக்கத்தைக் கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள், ஆனால் அதை வைத்து வாதாடாதீர்கள். வீடுகளுக்கான வரம்பான 67 டெசிபல், வெளியே ஆள் புழங்கும் இடத்தில் ஒரு மணி நேரச் சராசரியாகப் பார்ப்பது. அதில் படுக்கையறைக்கும் இரவுக்கும் இடமில்லை. போன் ஆப்பில் அளந்த கணக்கும் எடுபடாது. வருங்காலப் போக்குவரத்தை வைத்துக் கணினி மாதிரியில் போட்ட கணக்கைத்தான் பார்ப்பார்கள்.

கேஸ் என்று வந்தால் தேதிதான் முக்கியம். மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தில், திட்டத்துக்கு ஒப்புதல் தந்ததைச் சொல்லும் தீர்மான அறிவிப்பு பதிவான நாளிலிருந்து 30 நாள்தான். கூட்டாட்சி கோர்ட்டில், ஃபெடரல் ரெஜிஸ்டரில் (கூட்டாட்சி அரசின் கெஜட்டில்) வழக்குக்கான காலவரம்பு அறிவிப்பு போட்டிருந்தால் 150 நாள். இரண்டும் எப்போது வெளிவந்தன என்று இன்றைக்கே பாருங்கள். கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் ஆய்வுப் பொறுப்பு 2007 முதல் மாநிலத்திடமே இருக்கிறது, ஆகவே வாஷிங்டனுக்கு மனு எழுதி நாளைக் கடத்தாதீர்கள். அந்தப் பொறுப்பை ஏற்றபோதே, கூட்டாட்சி கோர்ட்டில் தன்மேல் வழக்குத் தொடரவும் மாநிலம் சம்மதித்திருக்கிறது.

ஒலி மாதிரி தப்பு, செலவுக் கணக்கு தப்பு என்று போனால் நீதிபதிகள் போக்குவரத்துத் துறையின் பக்கமே சாய்வார்கள். யூட்டா ரயில் பாதை வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் ஆய்வில் துறையின் முடிவுக்கு மிகுந்த மதிப்புத் தர வேண்டும் என்று சொன்ன பிறகு அப்படி வாதாட இடம் இன்னும் குறுகிவிட்டது. விதியில் ‘அனைவரையும்’ என்று இருக்கிறதே, இந்த வீட்டைக் கேட்டீர்களா என்ற கேள்விக்கு அந்தச் சலுகை அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. அதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். விரிவாக்கம் இல்லாமல், ஏற்கெனவே இருக்கும் சாலைக்குச் சுவர் கட்டித் தர வேண்டும் என்று கூட்டாட்சி விதி எந்த மாநிலத்தையும் கட்டாயப்படுத்தவில்லை.