சஸ்பென்ஷனை 2 அங்குலம் உயர்த்திய பழைய மாருதி ஜிப்சிக்கு ஸ்டீல் பின்னல் பிரேக் ஹோஸ் தேவையா?

பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு (குழாய்க்கு) பதிலாக, முன் சக்கரங்களுக்கு ஸ்டீல் கம்பி பின்னிய இந்த ஹோஸைப் போட்டால் பிரேக் பலமாகப் பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பலம் அதிகமாகாது; ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும், இது அவ்வளவாக உப்பாது, அதனால் பெடல் கெட்டியாகத் தெரியும். உங்கள் வண்டியில் முதலில் கவனிக்க வேண்டியது நீளம். சஸ்பென்ஷனை உயர்த்தியபின் பள்ளத்தில் முன் ஆக்சில் இன்னும் கீழே தொங்கும்போது பழைய ஹோஸ் இழுபடும், அறுந்தால் முன் பிரேக் போச்சு. சேஸிஸைத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே போகாதீர்கள்), சக்கரங்களை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி அளவெடுத்து அப்புறம் வாங்குங்கள். ரொம்ப நீளமானால் டயரில் உரசும்.

உயர்த்தாத வண்டியிலும் பழைய ரப்பர் உட்புறம் வீங்கி, பெடலை விட்ட பிறகும் ஆயில் திரும்பாமல் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தபடியே சூடாகும். காலிப்பரை (பிரேக் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள். மாட்டும்போது செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள், டாட் 3 அல்லது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, உள்ளே இருக்கும் ஏரை (காற்றை) வெளியே எடுங்கள். டாட் 5 சிலிக்கான் வகை, அதைக் கலக்காதீர்கள்.