கேள்வி – பதில்: சிங்கப்பூரும் மலேசியாவும் மறுபடி இணையலாமா?

கேள்வி: சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரு காலத்தில் ஒரே நாடாக இருந்தவை. ஒன்றிடம் நிலமும் நீரும் உண்டு, மற்றொன்றிடம் பணமும் நிர்வாகத் திறமையும் உண்டு. மறுபடி இணைந்தால் இருவருக்கும் ஆதாயம்தானே? (வாசகர், திருவாரூர்)

பதில்: இணையக் கூடாது என்பதே என் கருத்து. நிலமும் நீரும் பணமும் 1963-லும் இப்படித்தான் இருந்தன. அவற்றைக் காட்டித்தான் அன்றைய இணைப்பும் பேசப்பட்டது. ஆனால் அந்த ஏற்பாடு 1963 செப்டம்பர் 16 முதல் 1965 ஆகஸ்ட் 9 வரை, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகவே நீடித்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான், சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ ஆகிய இரு தலைவர்களின் குணம் ஒத்துப்போகாததால் முறிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தாலும், முறிவுக்கான காரணம் ஒப்பந்தத்திலேயே இருந்தது.

கோலாலம்பூரிலிருந்த துங்கு அப்துல் ரகுமானின் அரசுக்குச் சிங்கப்பூரை ஏற்றுக்கொள்வதில் தொடக்கத்தில் விருப்பமே இல்லை. மலாயாவோடு, அதாவது இன்றைய தீபகற்ப மலேசியாவோடு, சிங்கப்பூர் சேர்ந்தால் சீனர்களின் எண்ணிக்கை மலாய்க்காரர்களை எட்டிப் பிடித்துச் சற்று மிஞ்சவும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. சிங்கப்பூரில் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் வளர்ந்த பிறகுதான், 1961 மே மாதம் துங்கு மனம் மாறினார். போர்னியோ தீவிலுள்ள சபாவும் சரவாக்கும் அந்தக் கணக்கைச் சமன்செய்யச் சேர்த்துக்கொள்ளப்பட்டன. கல்வியும் தொழிலாளர் துறையும் சிங்கப்பூரிடமே விடப்பட்டன. அதற்கு ஈடாக, 159 இடங்கள் கொண்ட நாடாளுமன்றத்தில் அதற்கு 15 இடங்களே கிடைத்தன. நாலரை இலட்சம் மக்கள் வாழ்ந்த சபாவுக்கு 16 இடங்கள். பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த சிங்கப்பூருக்கு 15. சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியக் குடியுரிமை பெற்றாலும், கூட்டரசுத் தேர்தலில் சிங்கப்பூரில் மட்டுமே வாக்களிக்க முடிந்தது.

சிங்கப்பூர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு தேசிய அரசியலிலிருந்து ஒதுங்கி நிற்கும் என்று இந்த ஏற்பாட்டைக் கோலாலம்பூர் புரிந்துகொண்டது. நாமும் இந்நாட்டின் முழு உறுப்பினர், நாடெங்கும் அரசியல் செய்யலாம் என்று லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி புரிந்துகொண்டது. 1963 செப்டம்பரில் சிங்கப்பூர்த் தேர்தலில் துங்குவின் தரப்பு போட்டியிட்டு, மலாய்க்காரர் மிகுந்த தொகுதிகளிலும் தோற்றது. 1964 ஏப்ரலில் மக்கள் செயல் கட்சி மலாயாவில் போட்டியிட்டு, பங்சார் தொகுதியில் தேவன் நாயரை மட்டும் வெற்றிபெறச் செய்தது. யார் முதலில் எல்லை தாண்டினார்கள் என்று இன்றும் வாதிடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தில் ஆர்வமில்லை. எல்லை எங்கே என்று ஒப்பந்தமே தெளிவாகச் சொல்லவில்லை.

கேள்வி: சிங்கப்பூர் வெளியேற்றப்பட்டது என்றுதான் படித்திருக்கிறோம். அப்படியிருக்க, மக்களின் விருப்பப்படி நடந்த இணைப்பை ஒருவர் மட்டும் முறித்தது தவறில்லையா? (வாசகி, பினாங்கு)

பதில்: உங்கள் கேள்வியில் உள்ள இரண்டு செய்திகளும் பாதி உண்மைகள். 1962 செப்டம்பர் 1 அன்று சிங்கப்பூரில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. அரசு முன்வைத்த முதல் யோசனைக்கு ஏறத்தாழ 71 சதவிகித வாக்குகள் கிடைத்தன. ஆனால் வாக்குச்சீட்டில் இருந்த மூன்று வழிகளும் இணைப்பின் மூன்று வகைகளே. வேண்டாம் என்று சொல்ல இடமே இல்லை. எதிர்ப்பைக் காட்ட விரும்பியவர்கள் வெற்றுச் சீட்டைப் போடுமாறு எதிர்க்கட்சி கேட்டுக்கொண்டது. நான்கில் ஒரு பங்கினர் அப்படியே செய்தார்கள்.

வெளியேற்றம் என்பதும் அப்படித்தான். 1964 ஜூலையிலும் செப்டம்பரிலும் சிங்கப்பூரில் நடந்த மலாய் – சீனர் கலவரங்களில் 36 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரில் வசூலாகும் கூட்டரசு வருவாயில் 40 சதவிகிதம் மத்திய அரசுக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. இந்தோனேசியாவுடனான மோதலின் செலவைக் காட்டி, அதை 60 ஆக உயர்த்தும்படி மலேசிய நிதியமைச்சர் டான் சியூ சின் கேட்டார். சிங்கப்பூர் எதிர்பார்த்திருந்த பொதுச்சந்தையோ பெயரளவில் நின்றது. இந்நிலையில் 1965 ஜூலையில் மலேசியத் துணைப் பிரதமர் அப்துல் ரசாக்கைச் சந்தித்த சிங்கப்பூர் நிதியமைச்சர் கோ கெங் சுவீ, தளர்வான கூட்டரசைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காமல், முழுப் பிரிவையே பேசி முடித்தார். தயங்கியவர்கள் சிங்கப்பூர் அமைச்சரவையிலேயே இருந்தார்கள். அவர்களுள் ஒருவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். இராஜரத்தினம். உற்றார் எல்லாம் மலாயாவில் இருக்க, தாம் கையெழுத்திடும் தாள் தம் குடும்பத்துக்கு நடுவே எல்லைக்கோடு இடும் என்பது அவருக்குத் தெரியும். ஆகஸ்ட் 7 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 9 அன்று மலேசிய நாடாளுமன்றம் எதிர்வாக்கே இல்லாமல், 126 வாக்குகளால் அதை நிறைவேற்றியது. தொலைக்காட்சியில் லீ குவான் யூ கண்ணீர் விட்டதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தக் கண்ணீர் உண்மையானது என்றே நம்புகிறேன். அதற்கு முன் நடந்த பேச்சுவார்த்தையும் உண்மையானது.

கேள்வி: அது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. இன்றைய நிலைமை வேறல்லவா? (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: வேறுதான். மலேசியக் குடிமக்களில் இன்று ஏறத்தாழ 70 சதவிகிதத்தினர் மலாய்க்காரரும் பிற பூமிபுத்ராக்களும் (மண்ணின் மைந்தர்களாகக் கருதப்படுவோர்) ஆவர். சிங்கப்பூரின் 36 இலட்சத்துச் சொச்சம் குடிமக்கள் சேர்ந்தாலும் அந்தப் பெரும்பான்மை கவிழாது. துங்குவை அஞ்சவைத்த கணக்கு இவ்வாறு செல்லாக்காசாகிவிட்டது. ஆனால் அந்த அச்சத்தின் மேல் கட்டப்பட்டவை நிலைத்து நிற்கின்றன. மலாய்க்காரரின் சிறப்பு நிலையைக் காக்கும், மலேசிய அரசமைப்பின் 153-ஆம் விதியை அடித்தளமாகக் கொண்டு, 1969 மே 13 அன்று கோலாலம்பூரில் மூண்ட மலாய் – சீனர் கலவரத்துக்குப் பின், 1971 முதல் புதிய பொருளாதாரக் கொள்கை செயல்பட்டது. கல்லூரி இடங்கள், அரசு வேலை, நிறுவனப் பங்குகள் என்று அது பரவி, அரை நூற்றாண்டு வாழ்க்கையோடு பின்னிப்பிணைந்துவிட்டது. சிங்கப்பூரின் அரசமைப்பும் மலாய்க்காரரைத் தன் மண்ணின் மக்களாக ஏற்றுச் சிறப்பு நிலை தருகிறது. ஆனால் இட ஒதுக்கீடு என்ற பாதையில் அது செல்லவில்லை. 1996-இல் லீ குவான் யூ, மலேசியாவும் தகுதிக்கே முதலிடம் என்ற கொள்கையை ஏற்றால் மறு இணைப்பு நடக்கக்கூடும் என்ற பொருளில் பேசினார். இணைப்புக்கான அழைப்பாக அதைப் படித்தவர்கள் உண்டு. எனக்கு அது, நடக்காது என்பதை நாகரிகமாகச் சொன்னதாகவே படுகிறது.

பண வேற்றுமையும் சிறியதன்று. 1973 வரை இரு நாணயங்களும் ஒன்றுக்கொன்று சமமதிப்பில் மாறின. இன்று ஒரு சிங்கப்பூர் டாலருக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டும். எல்லை இல்லாமற்போனால், ஜொகூரில் வீட்டு வாடகை யாருக்கு எட்டும் என்று அங்கே வாழும் நீங்களே சொல்லலாம்.

கேள்வி: அண்டை நாடுகள் இணைந்து நிலைத்ததற்கு எடுத்துக்காட்டே இல்லையா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உண்டு. 1964 ஏப்ரலில் இணைந்த தங்கனீக்காவும் சான்சிபாரும் இன்றும் தான்சானியாவாக நீடிக்கின்றன. சான்சிபார்த் தேர்தல்களைச் சுற்றி மோதல்கள் உண்டு. ஆயினும் அதற்குத் தனி அதிபரும் தனிச் சட்டமியற்றும் அதிகாரமும் தொடக்கத்திலிருந்தே விடப்பட்டன. தவிர, மூன்று இலட்சம் பேர் கொண்ட தீவுகள் ஒரு கோடிப் பேர் கொண்ட பெருநிலத்தின் அரசியல் கணக்கை மாற்றவே முடியாது. அங்கே அச்சம் சிறியவருக்கு மட்டுமே இருந்தது. மலேசியாவில் இரு தரப்பும் அஞ்சின.

கேள்வி: இணைந்தால் இரு நாட்டுத் தமிழர்களும் ஒன்றாகி வலுப்பெறலாமே? (வாசகர், ஈப்போ)

பதில்: ஆசை நியாயமானது, ஆனால் கணக்கு அதற்கு ஒத்துவராது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. ஆனால் தமிழ் வழியில் பாடம் நடத்தும் பள்ளி ஒன்றுகூட இன்று அங்கே இல்லை. கடைசியாக எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. மலேசியாவில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. ஆட்சிமொழித் தகுதி இல்லை. இணையும் நாட்டில் இவ்விரண்டில் எது தொடரும் என்பதைத் தமிழர்கள் தீர்மானிக்கப் போவதில்லை. அங்கும் நாம் ஏழு சதவிகிதத்துக்குள்தான் இருப்போம்.

தமிழருக்கும் மற்றவருக்கும் உடனடியாக வேண்டியது எளிதான எல்லை. நாளொன்றுக்கு மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர், அவர்களுள் அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பும் ஜொகூர்த் தொழிலாளர்கள் பலர், இருபுறமும் கடந்து செல்கிறார்கள். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றிச்செல்லும் வகையில் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகரையும் இணைக்கும் இரயில் திட்டமும், 2025 ஜனவரியில் கையெழுத்தான ஜொகூர் – சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலமும், கொடியை மாற்றாமலே இந்தச் சிரமத்தைக் குறைக்கக் கூடியவை. ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் நீரை ஆயிரம் கேலனுக்கு 3 சென் (ஒரு ரிங்கிட்டுக்கு 100 சென்) என்ற விலையில் எடுக்க அனுமதிக்கும் 1962 ஒப்பந்தம் 2061-இல் முடிகிறது. விலையை மாற்றக் கேட்கும் மலேசியாவும், மாற்ற மறுக்கும் சிங்கப்பூரும், அந்த ஆண்டுக்கு முன் எப்படியும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும்.